சண்டிகரில் பிறந்த ஒரு நீதிபதி

வெளியூர்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. எங்கோ தொலைதேசத்தில், ஒரு பெரிய பதவியில், தமிழ்ப் பெயர் ஒன்று தென்பட்டால் போதும்; அவருடைய பூர்வீகம் எந்த ஜில்லா, எந்த ஊர், தாய்வழி யார், தந்தைவழி யார் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவோம். விசாரணையின் முடிவில் 'நம்மவர்' என்ற பட்டத்தைச் சூட்டி மகிழ்வோம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு இந்த ஆறுதலாவது வேண்டாமா? ஆயினும், நம்மவர் என்று கொண்டாடிய பிறகு, அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்து என்ன செய்தார் என்று விசாரிப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. அந்த இரண்டாவது விசாரணையைச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைநகரான வாஷிங்டனில் உள்ள மத்திய அப்பீல் கோர்ட்டின் நீதிபதி ஸ்ரீநிவாசனைப் பற்றியே எழுதப் புகுந்தோம். முழுப் பெயர் பத்மநாபன் ஸ்ரீகாந்த் ஸ்ரீநிவாசன். அமெரிக்கர்கள் சுருக்கமாக 'ஸ்ரீ' என்று அழைக்கிறார்கள். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மேலத்திருவேங்கடநாதபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். ஆனால் மகன் பிறந்தது தாமிரவருணிக் கரையில் அன்று. 1967-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி அவர் சண்டிகர் நகரில் பிறந்தார். ஆக, அமெரிக்கா செல்வதற்கு முன்பே அவர் நம்மைப்போல் வடநாட்டுக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் குழந்தை. இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் அவர் இடம்பெறுவதற்கு அதுவே போதிய காரணம் என்று கருதுகிறோம்.

அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் கடல் கடந்து, கான்ஸாஸ் மாகாணத்தின் லாரன்ஸ் என்னும் ஊரில் குடியேறியது. கோதுமை விளையும் சமவெளியில் அமைந்த பல்கலைக்கழக ஊர் அது. தந்தையார் அந்தப் பல்கலைக்கழகத்தில் கணிதம் போதித்தார். மைந்தர் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றதோடு, அங்கே கூடைப்பந்தும் ஆடினார். பின்னாளில் அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்ற ஆட்டக்காரரான டானி மானிங் அதே பள்ளிக் குழுவில் அவருடன் ஆடியவர். பிறகு கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1989-ம் ஆண்டு பி.ஏ. பட்டமும், 1995-ம் ஆண்டு சட்டப் பட்டத்தையும் வணிக நிர்வாகப் பட்டத்தையும் ஒருங்கே பெற்றார்.

அதன் பிறகு அவர் ஏற்ற வேலை குமாஸ்தா வேலை! இதைப் படிக்கும் குமாஸ்தாக்கள் வியப்படைய வேண்டாம். நம் நாட்டில் பெண் பார்க்கும் இடத்தில் குமாஸ்தா என்று சொல்லச் சற்றுத் தயங்குவார்கள். அமெரிக்காவிலோ, நீதிபதியிடம் குமாஸ்தாவாக இருப்பது சட்டம் பயின்றவர்களுக்கு எளிதில் கிட்டாத பேறு. வழக்கின் கட்டுகளைப் படித்துச் சாரம் எடுத்தல், முன்தீர்ப்புகளைத் தேடுதல், தீர்ப்பின் நகலைச் சரிபார்த்தல் முதலியன அவ்வேலையின் கடமைகள். முதலில் நான்காவது வட்டார அப்பீல் கோர்ட்டின் நீதிபதி வில்கின்ஸனிடமும், பின்னர் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியான ஸாண்ட்ரா டே ஓகானரிடமும் அவர் இப்பணியைச் செய்தார். இவ்விருவரும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ரீகனால் நியமிக்கப்பட்டவர்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தது வக்கீல் வாழ்க்கை. சில காலம் ஒரு தனியார் வக்கீல் நிறுவனத்திலும், சில காலம் சர்க்கார் தரப்பில் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்திலும் மாறிமாறிப் பணியாற்றினார். குடியரசுக் கட்சியின் புஷ் ஆட்சியிலும் அந்த அலுவலகத்தில் இருந்தார். ஜனநாயகக் கட்சியின் ஒபாமா ஆட்சியிலும் 2011-ம் ஆண்டு முதல் அதன் தலைமைத் துணை அதிகாரியாக இருந்தார். சுப்ரீம் கோர்ட்டின் முன் அவர் நின்று வாதாடிய வழக்குகள் இருபதுக்கும் மேற்பட்டவை.

அவற்றுள் ஒன்றை இங்கே கூறாமல் விடுவது முறையன்று. 2001-ம் ஆண்டில் திவாலான என்ரான் என்னும் மாபெரும் கம்பெனியின் தலைவராக இருந்த ஸ்கில்லிங் என்பவர், மோசடிக் குற்றத்திற்காக 2006-ம் ஆண்டில் தண்டனை பெற்றார். ஆயிரக்கணக்கான ஊழியர்களின் சேமிப்பு அந்தக் கம்பெனியோடு மூழ்கிப் போயிற்று. 2010-ம் ஆண்டில் அந்த ஸ்கில்லிங்குக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியவர் நம் ஸ்ரீநிவாசனே. குற்றச்சாட்டுகளுள் ஒன்றுக்கு ஆதாரமான சட்டம் எல்லையின்றி விரிந்து கிடக்கிறது என்ற வாதத்தில் அவருக்கு ஓரளவு வெற்றியும் கிடைத்தது. "இத்தகைய மனிதருக்காக வாதாடியவரா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வக்கீலின் தொழில் கட்சிக்காரருக்காகச் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்குப் பேசுவது. நீதிபதியின் தொழில் வேறு. அங்கே அவருக்குக் கட்சிக்காரரே இல்லை. இந்த வேறுபாட்டை உணர்ந்தால்தான் மேலே வரும் செய்திகள் விளங்கும்.

அமெரிக்காவில் மத்திய நீதிபதிகளை ஜனாதிபதி பெயர் குறிப்பிடுகிறார். ஸெனட் சபை வாக்களித்து ஏற்க வேண்டும். ஏற்கப்பட்டவர் நன்னடத்தை உள்ளவரை ஆயுட்காலம் முழுவதும் நீதிபதியாக இருக்கலாம். நம் நாட்டில் ஹைகோர்ட் நீதிபதிக்கு 62 வயதும், சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு 65 வயதும் எல்லை. அங்கே அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. ஆகையால் ஒவ்வொரு நியமனத்திலும் இரு கட்சிகளும் கடுமையாக மோதிக்கொள்கின்றன. வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டுக்கு ஒபாமா முதலில் பெயர் குறிப்பிட்ட ஒரு பெண்மணி, எதிர்க்கட்சியின் தடையால் 2013-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் விலகிக்கொள்ள நேர்ந்தது. அந்தச் சூழ்நிலையில், அதே ஆண்டு மே மாதம் 23-ந் தேதி, ஸ்ரீநிவாசனின் பெயர் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 97, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. தெற்காசிய வம்சத்தைச் சேர்ந்த ஒருவர் அமெரிக்க மத்திய அப்பீல் கோர்ட்டில் அமர்வது அதுவே முதல் தடவை. செப்டம்பரில் நடந்த வைபவத்தில், முன்பு அவர் குமாஸ்தாவாக இருந்த அதே ஓகானர் அம்மையார் பிரமாணம் செய்து வைத்தார். அன்னை பகவத் கீதையை ஏந்தி நிற்க, மகன் அதன்மீது கை வைத்துப் பிரமாணம் எடுத்தார். நம் நாட்டுப் பத்திரிகைகள் இந்தச் செய்தியைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. அவர் பிறகு எழுதிய தீர்ப்புகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கோர்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் மத்திய அப்பீல் கோர்ட்டுகள் 13 உள்ளன. சுப்ரீம் கோர்ட் ஆண்டொன்றுக்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் வழக்குகள் நூற்றுக்கும் குறைவு என்பதால், பெரும்பாலான தாவாக்களுக்கு அப்பீல் கோர்ட்டின் சொல்லே இறுதிச் சொல் ஆகிறது. வழக்கமாக மூன்று நீதிபதிகள் சேர்ந்து விசாரிப்பார்கள். வாஷிங்டன் கோர்ட்டுக்கு 11 நீதிபதி இடங்கள். மத்திய சர்க்காரின் இலாகாக்கள் இயற்றும் விதிகள் செல்லுமா, செல்லாதா என்ற வழக்குகள் மிகுதியாக வருவது இங்கேதான். சர்க்கார் அலுவலகத்தில் சுற்றறிக்கைகளோடு பொழுதைக் கழிக்கும் நமக்கு இதன் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. சட்டம் பாராளுமன்றத்தில் பிறக்கிறது. ஆனால் சாமானியனின் வீட்டு வாசலுக்கு வருவது விதியாகவும் விதிவிலக்காகவும்தான்.

அத்தகைய ஒரு விதிவிலக்கின் கதையை இனிக் கூறுவோம்.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியையும், வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட உழைப்புக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கூலியையும் நிர்ணயிக்கும் சட்டம் 1938-ம் ஆண்டில் வந்தது. வீட்டு வேலை செய்வோருக்கு அதன் பாதுகாப்பு 1974-ம் ஆண்டில்தான் நீட்டப்பட்டது. நீட்டியபோதே ஒரு விலக்கும் வைத்தார்கள்: முதுமையாலோ நோயாலோ தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாதவர்களுக்குத் 'துணை இருப்பவர்களுக்கு' இந்தச் சட்டம் பொருந்தாது. பக்கத்து வீட்டுப் பெண்மணி பாட்டிக்குப் பேச்சுத் துணையாக இருப்பது போன்ற காரியத்தை மனத்தில் கொண்டே அந்த விலக்கு வைக்கப்பட்டது. ஆனால் தொழிலாளர் இலாகா 1975-ம் ஆண்டில் இயற்றிய விதி, ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி வீடு வீடாக அனுப்பும் கம்பெனிகளும் இந்த விலக்கின் நிழலில் ஒதுங்க இடம் கொடுத்துவிட்டது. காலம் செல்லச் செல்ல, நோயாளிகளை விடுதிகளில் வைப்பது குறைந்து, வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது பெருகிற்று. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உணவூட்டுவது, படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பது எல்லாம் பெரிய தொழிலாக வளர்ந்தன. அதைச் செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கறுப்பினத்தவரும் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களும் அவர்களில் மிகுதி. சட்டத்தின் கண்ணுக்கோ அவர்கள் வெறும் பேச்சுத்துணை!

ஜமைக்கா தீவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிவந்த எவிலின் கோக் என்ற பெண்மணி, இத்தகைய கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகள் உழைத்தவர். சில சமயம் இரவும் பகலுமாக நோயாளியின் வீட்டிலேயே தங்கிப் பணி செய்தவர். ஓவர்டைம் கூலி கேட்டு அவர் தொடுத்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2007-ம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். கம்பெனி ஊழியர்களை இந்த விலக்கில் சேர்ப்பதா, வேண்டாமா என்பதைச் சட்டசபை இலாகாவின் முடிவுக்கே விட்டிருக்கிறது, இலாகா சேர்த்திருக்கிறது, ஆகவே விதி செல்லும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2009-ம் ஆண்டில் எவிலின் கோக் காலமானார். கேட்ட கூலி அவர் கைக்கு வரவேயில்லை.

2013-ம் ஆண்டில் இலாகா தன் விதியை மாற்றிற்று. கம்பெனிகள் இனி இந்த விலக்கைக் கோர முடியாது என்றது. கிட்டத்தட்ட 20 லட்சம் ஊழியர்களைப் பற்றிய விஷயம் இது. கம்பெனிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. கீழ்க்கோர்ட் புதிய விதியை ரத்து செய்தது. அப்பீல் ஸ்ரீநிவாசன் உள்ளிட்ட மூவர் முன் வந்தது. 2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி, மூவரும் ஒருமனமாகக் கீழ்க்கோர்ட்டின் முடிவை மாற்றினார்கள். தீர்ப்பை எழுதியவர் ஸ்ரீநிவாசன். அவர் எடுத்துக்கொண்ட ஆயுதம், எவிலின் கோக்கைத் தோற்கடித்த அதே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. முடிவு செய்யும் அதிகாரம் இலாகாவினுடையது என்று மேல்கோர்ட் சொல்லியிருக்கிறது; அப்படியானால், தக்க காரணம் காட்டி இலாகா மறுபுறமாக முடிவு செய்வதற்கும் அதே அதிகாரம் உண்டு அல்லவா? உழைப்பவர்களுக்குப் பாதுகாப்பை விரிவாக்கவே 1974-ம் ஆண்டுச் சட்டம் வந்தது என்பதையும் எடுத்துக்காட்டினார். கண்ணீரைத் தூண்டும் வாசகம் எதுவும் அத்தீர்ப்பில் தேவைப்படவில்லை. 2016-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் மேல் விசாரணைக்கு மறுத்துவிட, விதி நிலைத்தது.

ரெயில்வேயில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இதன் உட்பொருள் உடனே புலப்படும். இடையிடையே ஓய்வு கிடைக்கும் வேலை என்று ஒரு பணியை வகைப்படுத்திவிட்டால், அந்த ஊழியரின் வேலை நேரம் நீண்டுவிடுகிறது. கேட் அருகே வண்டிக்காகக் காத்திருப்பது வேலையா, ஓய்வா என்பதைக் கேட்காரர் தீர்மானிப்பதில்லை. விதிப் புத்தகம் தீர்மானிக்கிறது. நோயாளியின் கட்டில் அருகே கண் விழித்திருப்பது துணையா, உழைப்பா என்ற கேள்வியும் அத்தகையதே.

இத்துடன் நிறுத்திக்கொண்டால், ஏழைகளின் பக்கம் நின்ற நீதிபதி என்று அவரைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் சரியாக ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 28-ந் தேதி, அவர் எழுதிய மற்றொரு தீர்ப்பையும் பார்க்க வேண்டும். ஹாரல்ட் ஹாட்ஜ் என்பவர் 2011-ம் ஆண்டு ஜனவரியில், கறுப்பினத்தவர்மீது போலீசார் செலுத்தும் கொடுமையைக் கண்டித்து, கழுத்தில் அட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டின் முன்முற்றத்தில் தனியே அமைதியாக நின்றார். அங்கே ஆர்ப்பாட்டம் செய்வதைத் தடுக்கும் 1949-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கைது செய்யப்பட்டார். அச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று கீழ்க்கோர்ட் கூறியது. ஸ்ரீநிவாசனும் உடனிருந்த நீதிபதிகளும் அதை மாற்றி, சட்டம் செல்லும் என்றார்கள். ஊர்க் கூச்சலுக்கு வளைந்து கொடுக்கும் இடம் என்ற தோற்றம்கூடக் கோர்ட்டுக்கு ஏற்படலாகாது. முற்றத்தை ஒட்டிய நடைபாதையில் நின்று கண்டனம் தெரிவிக்கத் தடையில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். அட்டையை மாட்டி நின்ற மனிதரிடம் நம் மனம் செல்கிறது. ஒரு தனி மனிதர் நின்றதால் நீதி எப்படித் தளர்ந்துவிடும் என்று கேட்கவும் தோன்றுகிறது. அந்தத் தீர்ப்பை ஏற்காதவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு: முந்திய வாரம் எளியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னவர் என்பதற்காக இந்த வாரமும் அவரிடம் எளியவர் வெல்லுவார் என்று யாரும் முன்கூட்டிக் கணக்குப் போட முடியவில்லை. தராசு என்றால் அதுதான். இன்னார் வைத்தால் தாழும் என்று முன்னரே தெரிந்தால் அது தராசு அன்று.

முதல் தீர்ப்புக்கும் ஒரு பின்கதை உண்டு. விதியை மாற்ற இலாகாவுக்கு அதிகாரம் உண்டு என்ற காரணம் இருபுறமும் வெட்டக்கூடிய கத்தி. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம், வேறொரு ஆட்சியின்கீழ், அதே இலாகா 2013-ம் ஆண்டு விதியைக் கைவிட்டுப் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பலாம் என்று யோசனை வெளியிட்டது. நீதிபதியின் பேனா நிரந்தர வரம் எழுதிக் கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிலையான பாதுகாப்பைச் சட்டசபைதான் தர முடியும். சட்டசபையை அசைக்கப் பொதுமக்கள்தான் கிளம்ப வேண்டும்.

பதவி விஷயத்தில் மிச்சமிருப்பதையும் சொல்லிவிடுவோம். 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் ஓர் இடம் காலியானபோது, ஸ்ரீநிவாசன் பெயர் பலமாக அடிபட்டது. நம் நாட்டிலும் ஆவலோடு காத்திருந்தோம். ஒபாமாவோ அதே அப்பீல் கோர்ட்டின் பிரதம நீதிபதி கார்லண்டைத் தேர்ந்தெடுத்தார். ஸெனட் அவரை விசாரிக்கவும் மறுத்தது. இருவரும் பழைய கோர்ட்டிலேயே தம் வேலையைத் தொடர்ந்தார்கள். 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் கார்லண்டை அடுத்து ஸ்ரீநிவாசன் அக்கோர்ட்டின் பிரதம நீதிபதியானார். அமெரிக்காவில் வட்டார அப்பீல் கோர்ட் ஒன்றுக்குத் தெற்காசிய வம்சத்தவர் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. இதற்கிடையே இந்திய வம்சத்தைச் சேர்ந்த அமுல் தாப்பர் 2017-ம் ஆண்டில் ஆறாவது வட்டாரத்திலும், நியோமி ராவ் 2019-ம் ஆண்டில் வாஷிங்டன் கோர்ட்டிலும் நீதிபதிகளானார்கள். இவ்விருவரையும் நியமித்தவர் எதிர்க்கட்சி ஜனாதிபதியான டிரம்ப். வம்சம் ஒன்றானால் கருத்தும் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதுவும் சான்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருக்கும் வயோதிகப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள இன்று நம்மில் பலர் ஆயா வைத்திருக்கிறோம். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் அது தவிர்க்க முடியாதது. அந்த அம்மாளும் பெரும்பாலும் வேறு ஜில்லாவிலிருந்தோ, வேறு மாகாணத்திலிருந்தோ பிழைப்புத் தேடி வந்தவரே. நாம் ரெயிலேறி வந்ததுபோல அவரும் ரெயிலேறி வந்தவர். 'வீட்டில் ஒருத்தி மாதிரி' என்று அன்போடு சொல்கிறோம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, இரவு கண் விழித்ததற்குத் தனிக் கூலி என்று வரும்போது மட்டும் அந்த உறவுமுறை மறந்து போகிறது. வீட்டு வேலை செய்வோருக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கும்படி நம் சுப்ரீம் கோர்ட் 2025-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்போது வரட்டும். ஆயாவின் வேலை நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைக்கவும், ஞாயிற்றுக்கிழமை மாலையாவது அவரை விடுவிக்கவும் எந்தக் கோர்ட்டின் தீர்ப்பும் நமக்குத் தேவையில்லை.

சண்டிகரில் பிறந்த அந்தக் குழந்தை வாஷிங்டனில் எட்டிய உயரத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம், மகிழ்ச்சியோடு சொல்லுவோம். சொல்லும்போது 97 வாக்குகளையும் கீதைப் பிரமாணத்தையும் மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டாம். எவிலின் கோக்கின் பெயரையும் சேர்த்துச் சொல்லுவோம்.